இது என்ன சார்?: வளைத்த குச்சியும் அருவச் சிற்பமும்

பள்ளிக் கண்காட்சிகளில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேசையில் ஒரு பலகை. அதன் மேல் மூன்று மூங்கில் சிம்புகள் வளைந்து, ஒன்றையொன்று தாண்டி, மறுபடி பலகைக்கே வந்து நிற்கின்றன. நடுவில் ஒரு புளிய விளாறு. கட்டு எல்லாம் வாழைநார். பார்க்க வந்த ஒரு அப்பா குனிந்து பார்க்கிறார். "என்ன தம்பி இது, மீனா?" பையன் தலையை ஆட்டுகிறான். "இல்ல அங்கிள், அப்ஸ்ட்ராக்ட்." "ஓ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசையில் நுரை கக்கிக்கொண்டிருக்கும் எரிமலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அந்த "ஓ"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பேச்சில் அப்ஸ்ட்ராக்ட் என்றால் "கேட்காதே, புரியாது" என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், குச்சியை வளைப்பது எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாடம் சொல்வார்கள்: "ராத்திரி தண்ணியில ஊறப்போடு, காலையில வளையும்." முதலாவது முழுத் தவறு, இரண்டாவது பாதித் தவறு. நானும் இரண்டையும் நம்பிய ஆள்தான். ஓவிய வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், காய்ந்த மூங்கில் பிளாச்சுகளை ஒரு வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து எடுத்துப்போனேன். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் பாதிக்கு மேல் ஒடித்துவிட்டார்கள். பட், பட் என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். குச்சிக்கு அப்புறம் வருவோம்.

கோலத்தைப் பார்த்து யாரும் கேட்பதில்லை

விடிகாலையில் ஒரு வாசலில் சிக்குக் கோலம் போட்டிருக்கிறார்கள். கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. அதைப் பார்த்து "இது என்ன, மீனா மாடா?" என்று யாராவது கேட்டதுண்டா? கிடையாது. அதற்காகக் கோலத்தைப் பற்றி நமக்குக் கருத்தே இல்லை என்று சொல்ல முடியுமா? "கோடு நடுங்கியிருக்கு", "அந்த மூலையில வளைவு தட்டையாப் போச்சு", "இழை எங்கேயும் அறாம வந்திருக்கு பாரு" என்று எதிர்வீட்டுப் பாட்டி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். எதையும் படம் பிடித்துக் காட்டாத ஒரு வடிவத்தை, அதன் கோட்டையும் இடைவெளியையும் மட்டும் வைத்து மதிப்பிட நமக்கு நன்றாகவே தெரியும்.

அப்ஸ்ட்ராக்ட் என்பதைத் தமிழில் அருவம் என்கிறோம். அருவக் கலை என்பது அதுதான். கண்ணால் கண்ட ஒரு பொருளின் சாயலைக் காட்டுவதைத் தன் வேலையாக வைத்துக்கொள்ளாமல், கோடு, வடிவம், பருமன், இடைவெளி ஆகியவற்றையே பேசவிடும் கலை. அதைச் சுற்றி வந்து பார்க்கிற பொருளாகச் செய்தால் அருவச் சிற்பம்.

சொல்லும் நமக்குப் புதிதில்லை. சைவத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்று பிரித்துச் சொல்வார்கள். கை, கால், முகத்தோடு ஆடும் நடராசர் உருவம். லிங்கம் அருவுருவம், வடிவம் உண்டு, அங்க அடையாளம் கிடையாது. லிங்கத்துக்கு முன்னால் நின்று மூக்கு எங்கே என்று தேடாத நாம், குச்சிச் சிற்பத்துக்கு முன்னால் மட்டும் மீனைத் தேடுவது வேடிக்கைதான்.

அருவத்துக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. கோலத்தைப் போல, எந்தப் பொருளிலும் தொடங்காமல் நேரே கோட்டிலிருந்தே தொடங்கலாம். அல்லது ஒரு பொருளில் தொடங்கி, வேண்டாததைக் கழித்துக்கொண்டே போகலாம். இரண்டாவது பாதைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் பிரான்குசியின் பறவை. ருமேனியாவில் பிறந்து பாரிசில் வேலைசெய்த சிற்பி அவர். 'வெளியில் பறவை' (Bird in Space) என்ற பெயரில் வெண்கலத்தில் ஒரு சிற்பம் செய்தார். அதில் இறக்கை, அலகு, கால் எதுவும் இல்லை. மெருகேற்றிய ஒரு நீண்ட வளைவு மேல்நோக்கி எழுகிறது, அவ்வளவுதான். பறவையைக் கழித்துவிட்டுப் பறப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

1926-ல் அது நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது சுங்க அதிகாரிகளுக்குத் தலை சுற்றியது. கலைப்பொருளுக்கு வரி கிடையாது. ஆனால் இது எங்கே கலை? சமையலறைப் பாத்திரம், மருத்துவமனைச் சாமான் என்ற தலைப்பில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1928-ல் தீர்ப்பு சிற்பியின் பக்கம் வந்தது. பறவையைப் போல இல்லாவிட்டாலும் கலையாக இருக்கலாம் என்று ஒரு நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. "என்ன தம்பி இது, மீனா?" என்ற கேள்வி எவ்வளவு பெரிய இடங்களில் எல்லாம் கேட்கப்பட்டது பாருங்கள்!

இதுவரை பார்த்தது: அருவம் என்றால் புரியாதது என்று பொருள் இல்லை. சாயலைக் காட்டும் வேலை அதற்குக் கிடையாது என்றுதான் பொருள்.

அப்படியென்றால் எது செய்தாலும் சரியா?

எந்த வகுப்பிலும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு பையன் இதைக் கேட்பான். "சார், அப்போ நான் எப்படி வேணா கட்டிட்டு அப்ஸ்ட்ராக்ட்னு சொல்லலாமா?"

இதற்கு நான் அறிந்த நல்ல பதில் ஜெர்மனியில் இருந்து வருகிறது. 1919-லிருந்து 1933 வரை அங்கே பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி நடந்தது. அதில் தொடக்க வகுப்பு எடுத்தவர்களில் ஒருவர் யோசெஃப் ஆல்பர்ஸ். அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்த சம்பவம் இது. ஆல்பர்ஸ் ஒருநாள் கை நிறையச் செய்தித்தாள்களோடு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள், தாளின் தன்மையை மதித்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் தரையில் கோட்டை, கப்பல், விமானம், விலங்கு என்று என்னென்னவோ இருந்தன. அவை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்துச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார். அதைத்தான் ஆல்பர்ஸ் மெச்சினார். கோட்டையைக் கல்லில் இதைவிட நன்றாகக் கட்டலாம். துவண்டு விழும் தாள் ஒரே ஒரு மடிப்பினால் எழுந்து நிற்கிறதே, அதைத் தாளால் மட்டும்தான் செய்ய முடியும்.

அருவச் சிற்ப வகுப்பின் ரகசியமே இந்தக் கதையில் இருக்கிறது. மீன் செய்யத்தான் வேண்டும் என்றால் களிமண் போதும். குச்சியை எடுத்தால், களிமண்ணால் முடியாத எதை அது செய்கிறது என்று பார்க்க வேண்டும். களிமண் அமுக்கிய இடத்தில் அப்படியே கிடக்கும். குச்சி வளைத்த கையைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் கச்சாப்பொருள். அதைக் காட்டுகிற கட்டு சரி, மறைக்கிற கட்டு தவறு. ஆகவே, தம்பி, எப்படி வேண்டுமானாலும் கட்ட முடியாது.

வளைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

காய்கறிக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்போம். பிஞ்சு சட்டென்று முறியும். முற்றல் வளையும், ஒடியாது, கடைக்காரர் முறைப்பார். முற்றலில் நார் இருக்கிறது, அது பிடித்துக்கொள்கிறது. ஒரு தாவரத் தண்டு ஒடியாமல் வளைவதற்குக் காரணம் நீளவாக்கில் ஓடும் அந்த நார்.

இப்போது ஒரு சிம்பை வில் மாதிரி வளையுங்கள். வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நீளாமலும் நசுங்காமலும் ஒரு கோடு இருக்கும். அதன் பெயர் நடுநிலைக் கோடு. பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வெட்டியெடுத்து, பக்கவாட்டில் பேனாவால் செங்குத்துக் கோடுகள் போட்டு வளைத்தால் இது கண்ணுக்குத் தெரியும். வெளியே கோடுகள் விலகும், உள்ளே நெருங்கும்.

குச்சி ஒடிவது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில். நார் தாங்கும் அளவுக்கு மேல் நீட்டிவிட்டோம், பட். எவ்வளவு நீள்கிறது என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: கனத்தில் பாதியை, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 2 மி.மீ. கனமுள்ள சிம்பை 10 செ.மீ. ஆரத்தில், அதாவது ஒரு சின்னத் தட்டைச் சுற்றி வளைப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிக் கனம் 1 மி.மீ., ஆரம் 100 மி.மீ. நீட்சி 1 சதவீதம். அதே தட்டைச் சுற்றி 6 மி.மீ. பிளாச்சை வளைத்தால் 3 சதவீதம். காய்ந்த மரம் ஏறக்குறைய 1 சதவீத நீட்சியைத்தான் தாங்கும். என் வாளி பிளாச்சுகள் ஏன் ஒடிந்தன என்று இந்தக் கணக்கு அன்றைக்கே சொல்லியிருக்கும். நான்தான் போட்டுப் பார்க்கவில்லை.

கைக்குத் தேவைப்படும் வலுவோ இன்னும் வேகமாக ஏறுகிறது. கனம் மூன்று மடங்கானால் அதே வளைவுக்கு 27 மடங்கு வலு வேண்டும். அதனால் கனமான ஒரு கோடு வேண்டுமென்றால், தடித்த பிளாச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று மெல்லிய சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்து, வளைந்த பிறகு சேர்த்துக் கட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும் என்பதால் 27 மடங்கு தேவையில்லை, மூன்று மடங்கே போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு இந்த ஒரு தந்திரம் பெரிய உபகாரம்.

மூங்கிலுக்கு இன்னொரு விதி. பச்சைத் தோல் இருந்த பக்கத்தில் நார் அடர்த்தி, உள்பக்கம் மெத்தென்று இருக்கும். ஆகவே தோல் வெளியே இருக்கும்படி வளைக்க வேண்டும். அடர்ந்த நார் நீட்சியைத் தாங்கும், மெத்தென்ற பகுதி நசுங்கிக்கொடுக்கும். திருப்பிப் பிடித்தால் அதே சிம்பு சீக்கிரமே பிளந்துகொள்ளும்.

சுருக்கமாக: வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் நசுங்குகிறது. மெல்லிசாகச் சீவினால் வளையும்.

கமர்கட்டும் லிக்னினும்

மெல்லிசாகச் சீவ முடியாத, காய்ந்துபோன குச்சியை என்ன செய்வது? அதற்குக் குச்சி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

ஒரு விளக்குமாற்றின் ஈர்க்குகளை வெல்லப்பாகில் தோய்த்து ஆறவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாகு கெட்டிப்பட்டு முழுக்கட்டும் ஒரே தடியாகிவிடும். வளைத்தால் வளையாது. அதை மறுபடி சூடு காட்டினால் பாகு இளகும். ஈர்க்குகள் ஒன்றையொன்று உரசி நகரும், கட்டு வளையும். வளைத்தபடியே பிடித்துக்கொண்டு ஆறவிட்டால் புது வடிவத்திலேயே கெட்டியாகிவிடும்.

மரமும் கிட்டத்தட்ட இதுதான். ஈர்க்கின் இடத்தில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். பாகின் இடத்தில் லிக்னின் என்ற பிணைப்புப் பொருள். தாவரம் முற்ற முற்ற லிக்னின் சேர்ந்து விறைப்பாகிறது. சூட்டில் லிக்னின் இளகும், நார் இளகாது. ஆறினால் லிக்னின் மறுபடி இறுகும்.

தண்ணீருக்கு இதில் என்ன வேலை? மழைக்காலத்தில் கமர்கட் கையில் ஒட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். வெயில் காலத்தில் பல்லை உடைக்கும் அதே கமர்கட், காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சூடே இல்லாமல் இளகிப்போகிறது. லிக்னினுக்கும் அப்படித்தான். காய்ந்த நிலையில் அது இளக 100 டிகிரியை நன்றாகத் தாண்ட வேண்டும். ஈரம் ஏறியிருந்தால் கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்குள்ளேயே இளகிவிடும். ஆக, தண்ணீர் மட்டும் வளைக்காது. சூடு சீக்கிரம் வேலைசெய்யத் தண்ணீர் வழிவிடுகிறது.

ஊறப்போடும் பாடம் பாதித் தவறு என்றது இதனால்தான். ஓலை, கோரை, நாற்காலி பின்னும் பிரம்புப் பட்டை மாதிரி மெல்லிசான பொருளுக்கு அரைமணி நேரம் ஊறினால் போதும், நீட்சியே குறைவு. கனமான பிளாச்சுக்கு ஊறல் மட்டும் போதாது. இரண்டு இரவு கூடுதலாக ஊறவைத்தும் பயன் இல்லை. மரத்தின் செல் சுவருக்குள் போகும் தண்ணீர்தான் இளக்க உதவும். சுவர் குடித்து முடித்த பிறகு வரும் தண்ணீர் செல்லின் வெற்றிடத்தில் சும்மா தேங்கி நிற்கும், அவ்வளவுதான். (மூங்கிலை நாள்கணக்கில் குளத்தில் போட்டு வைப்பார்கள், அது வேறு விஷயம். உள்ளே இருக்கும் மாவுச்சத்து கரைந்துபோனால் வண்டு துளைப்பது குறையும் என்பதற்காகச் செய்வது.)

ஆவியில் வளைப்பதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் மிகேல் தோனெட். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்தியவர். 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்து திருகுகள், இரண்டு நட்டுகள், இவ்வளவே. பிரித்துப் போட்டால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். பழைய காபிக் கடைப் படங்களில் பார்க்கும் அந்த வட்ட முதுகு நாற்காலியேதான்.

அவர் கண்ட சூட்சுமம் அழகானது. ஆவியில் இளகிய நல்ல மரத்தை 25, 30 சதவீதம் வரைகூட நசுக்கலாம். நீட்டப்போனால் 1, 2 சதவீதத்திலேயே கிழிந்துவிடும். சூடு, நசுங்குவதற்குத்தான் உதவுகிறது, நீள்வதற்கு இல்லை. எனவே மரத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு உலோகப் பட்டையைக் கட்டி, இரு முனைகளையும் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். வெளிப்பக்கம் நீள இடமே இல்லை. முழு மரமும் நசுங்கித்தான் வளைய வேண்டும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஆவி காட்டி ஐம்பதுகளை வளைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

வகுப்பில் இட்லிப் பானை போதும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேர ஆவி என்பது மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 6 மி.மீ. பிளாச்சுக்குக் கால்மணி நேரம். முழு நீளமும் உள்ளே போகாவிட்டால் வளைக்க வேண்டிய பகுதியை மட்டும் ஆவியில் பிடிக்கலாம். வெளியே எடுத்த பிறகு மெல்லிய சிம்புக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, அதற்குள் ஆறிவிடும். எந்த வளைவு வேண்டும் என்று முன்னாலேயே பலகையில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்பதால் வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாக வளைத்துக் கட்ட வேண்டும். நன்றாக ஆறி உலரும்வரை, ஒரு இரவாவது, கட்டை அவிழ்க்கக் கூடாது. அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும், கையுறையோடு. ஆவி சுடுவது கொதிதண்ணீர் சுடுவதைவிட மோசம்.

அடங்கிய வளைவு, அடங்காத வளைவு

இப்போது குச்சியும் சிற்பமும் சந்திக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். வளைவில் இரண்டு வகை உண்டு. ஆவியில் வளைத்து ஆறவிட்டது நிலைத்த வளைவு. அது அடங்கிவிட்டது, கட்டை அவிழ்த்தாலும் பெரிதாக மாறாது. பச்சைக் குச்சியையோ மெல்லிய சிம்பையோ சும்மா வளைத்துக் கயிற்றால் பிடித்துவைத்தது மீள் வளைவு. அது அடங்கவில்லை. கயிற்றை அறுத்தால் சீறி நிமிரும்.

பட்டம் கட்டியவர்களுக்கு இது விரல்நுனிப் பாடம். குறுக்கே போகும் வில்குச்சியை வளைத்து நூலால் இழுத்துக் கட்டுவோமே, அந்த இழுவிசைதான் தாளை விறைப்பாக வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலை ஒட்டி ஏற்றும் பட்டங்களில் விண் என்று ஒன்று பூட்டுவார்கள். வளைத்த சட்டத்தில் இழுத்துக் கட்டிய நாடா, காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்கும். வளைத்த குச்சிக்குள் அடைபட்டிருக்கும் விசையை அங்கே காதாலேயே கேட்கலாம்.

ஒரு பச்சை ஈர்க்கை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் முனைகளை வைத்து மெதுவாக அழுத்துங்கள். வில் வரும். ஆனால் அது வட்டத்தின் துண்டு இல்லை, உற்றுப் பாருங்கள். நடுவில் வளைவு அதிகம், முனைகளுக்குப் போகப் போக நேராகிவிடுகிறது. ஈர்க்கின் மெல்லிய நுனிப் பக்கம் இன்னும் கூடுதலாகக் குனிகிறது. இப்போது முனைகளை விரல்களால் இறுக்கிப் பிடித்து, ஒரு கையை மட்டும் எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். ஈர்க்கு ஒரு நொடி தயங்கி, நெளிந்து, பாம்பு வளைவாக மாறுகிறது. நீங்கள் செய்தது முனையைத் திருப்பியது மட்டும்தான். நடுவில் உள்ள கோடு முழுவதையும் ஈர்க்கே போட்டுக்கொண்டது.

இந்த வளைவுகளுக்கு எலாஸ்டிகா என்று பெயர். கணித மேதை ஆய்லர் 1744-ல் இவற்றை வகைப்படுத்திக் காட்டினார். வளைந்த குச்சி, தனக்குக் குறைந்த சிரமம் தரும் வடிவத்தைத் தேடிக்கொண்டு அங்கே போய் நிற்கும் என்பதே அடிப்படை. வளைத்த குச்சிகள் கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கையால் வரைந்த கோட்டில் தயக்கம் தெரியும், குச்சி போட்ட கோட்டில் தயக்கம் கிடையாது.

சிற்பம் செய்பவருக்கு இதில் மிஞ்சுவது சில முடிவுகள்தான். எவ்வளவு நீளம், முனைகளை எங்கே ஊன்றுவது, என்ன சாய்வில் ஊன்றுவது. அப்புறம் இரண்டாவது குச்சி வருகிறது. முதல் குச்சி தள்ளும் திசைக்கு எதிராக இரண்டாவது தள்ளும்படி இரண்டையும் ஓரிடத்தில் கட்டினால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டுமே கொஞ்சம் மாறும். எட்டாம் வகுப்புக்கு இதைச் சமநிலை என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கும். கையில் கட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது எந்த முடிச்சில் இருக்கிறது என்றே தெரியும்.

இந்த வகுப்பில் பசைத் துப்பாக்கி வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பது இதற்காக. பசை போட்டால் தள்ளல் சரியாக இல்லாத சிற்பமும் கொஞ்ச நேரம் நின்று ஏமாற்றும். நாரால் கட்டினால் ஏமாற்ற முடியாது. இங்கிலாந்தில் பிறந்த சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி இலைகளை முள்ளால் தைத்தே பல வேலைகள் செய்திருக்கிறார். நமக்குச் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமா என்ன?

எதை எடுப்பது, எதைத் தொடக் கூடாது

நொச்சிக் குச்சி முதல் தேர்வு. கூடை பின்னும் குச்சி அது, பச்சையாக இருக்கும்போது நன்றாக வளையும். புளிய விளாறு எப்படி வளையும் என்று பழைய தலைமுறைக்கு முதுகே சொல்லும். தென்னை ஈர்க்கு, பனை ஓலை, சீந்தில் கொடி எல்லாம் கைக்கு அடங்கும். பிரம்பு கிடைத்தால் ராஜயோகம். மூங்கிலைப் போல உள்ளே குழல் இல்லை, முழுக்க நார். சூடு காட்டினால் எந்தப் பக்கமும் வளையும். காய்ந்த பருத்திமாரைக் கொண்டுவராதீர்கள், அது விறகு.

அரளியைத் தொட விடாதீர்கள். நீளமாக, நேராக, பள்ளிச் சுவரோரமே வளர்ந்து நிற்பதால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் ஒடித்துக்கொண்டு வருவார்கள். இலை, பட்டை, குச்சி எல்லாமே நஞ்சு. எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து.

அடித்தளத்துக்குத் தெர்மோகோல் உதவாது, குச்சி தள்ளும் தள்ளலில் ஓட்டை பெரிதாகி முனை நழுவிவிடும். பழைய பலகையில் சாய்வாகத் துளை போட்டுச் செருகுவதுதான் நல்லது. வாழைநாரை நனைத்துக்கொண்டு கட்டுங்கள், காய்ந்த நார் முடிச்சிலேயே அறும். பூக்கட்டுபவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பது சும்மா இல்லை.

காய்ந்த பிறகு

கட்டி முடித்த அன்று சிற்பம் முடிந்துவிடுவதில்லை. பச்சைக் குச்சி காயும்போது சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் குறையாது, சுற்றளவில் குறையும். அதனால் இறுக்கிக் கட்டிய முடிச்சு சில நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். அதே சமயம், வளைத்த நிலையிலேயே காய்ந்த குச்சி அந்த வளைவில் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொள்ளும். அடங்காத வளைவு மெல்ல அடங்கத் தொடங்கும்.

பெரிய கலைஞர்களுக்கும் இது உண்டு. அமெரிக்காவின் பேட்ரிக் டோகர்ட்டி இளமரக் கிளைகளை முறுக்கிப் பின்னி வீடளவுக்குச் சிற்பங்கள் கட்டுகிறார். அவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நிற்கும், அப்புறம் பிரித்துவிடுவார்கள். ஜப்பானில் மூங்கில் கலைக் குடும்பத்தின் நான்காம் தலைமுறையான தனபே சிகுன்சாய், தரையிலிருந்து கூரைவரை முறுக்கி எழும் மூங்கில் வடிவங்களைப் பின்னுகிறார். 2017-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒன்று செய்தார். கண்காட்சி முடிந்ததும் அவற்றைப் பிரித்து, அதே சிம்புகளை அடுத்த ஊரில் வேறு வடிவத்துக்கு எடுத்துக்கொள்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழு பிள்ளைகளின் வேலைகளை அலமாரி மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஒன்றில் மேல் முடிச்சு நழுவி, ஒரு நொச்சிக் குச்சி மட்டும் விடுபட்டு அந்தரத்தில் நிற்கிறது. மின்விசிறிக் காற்றுக்கு அதன் நுனி ஆடிக்கொண்டிருந்தது. செய்த பெண் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அலமாரியின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், இந்தப் பக்கம் வந்து பார்த்தாள்.

"சார், இது இப்படியே இருக்கட்டும். கீழ்க் கட்டை மட்டும் இறுக்கிடலாம். இல்லேன்னா நாளைக்கு அதுவும் போயிடும்."

நான் நாரை நனைக்கக் கிண்ணம் எடுத்துவரப் போனேன்.